பச்சைக் கட்டத்தில் நிற்பவர்கள்

நாற்பத்திரண்டு வயது விவசாயி ஒருவரை எண்ணிப் பாருங்கள். நாளுக்குப் பத்துச் சிகரெட் புகைக்கிறார். பிறசரின் மேல் எண் 140. சீனி வருத்தம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்டு, இலங்கையின் சுகவாழ்வு நிலையங்கள் ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்திய இடர் அட்டவணையில் இவருக்குரிய கட்டம் பச்சை நிறம். அடுத்த பத்தாண்டுகளில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பு 10 வீதத்துக்கும் குறைவு என்பது அதன் பொருள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பச்சையைக் கண்டு நிம்மதியாக வீடு திரும்பும் மனிதருக்கு நாம் எதைக் கற்பித்து அனுப்பியிருக்கிறோம்? நம் நாட்டின் இதயநோய்த் தடுப்புக் கல்வியை எடைபோட இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே நியாயம் என்று எண்ணுகிறேன்.

சுகாதார அமைச்சு 2011இல் நாடெங்கும் சுகவாழ்வு நிலையங்களை விரிவாக்கியது. நோயில்லாதவரைத் தேடி அழைத்து, உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு, குருதி அழுத்தம், சீனி ஆகியவற்றை அளந்து, அட்டவணையில் நிறம் பார்த்து, உணவும் நடையும் புகையும் பற்றி அறிவுரை சொல்லி அனுப்புவது அவற்றின் வேலை. முதலில் 40 முதல் 65 வயதுவரை என்றிருந்த வரம்பு பின்னர் 35இலிருந்தே தொடங்கியது. அம்பாறைக் கரையோரத்தில் இந்த வேலை கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் கீழ் நடக்கிறது. அந்தக் கரையோரத்திலுள்ள ஆலையடிவேம்பு மக்களுக்கு அருகிலிருப்பவை பனங்காடு பிரதேச வைத்தியசாலையும், சந்தையையும் பிரதான வீதியையும் பகிர்ந்துகொள்ளும் அக்கரைப்பற்றின் ஆதார வைத்தியசாலையும். தேவை எவ்வளவு பெரியது என்பதில் ஐயமே வேண்டாம். இலங்கையில் நிகழும் மரணங்களில் 83 வீதம் தொற்றா நோய்களால் வருபவை, இதயமும் குருதிக்குழாய்களும் பழுதாவதால் மட்டும் 34 வீதம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் மதிப்பிட்டது. வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு பிறசர் உண்டு.

இந்த முயற்சியின் நன்மையை முதலில் நிறைவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் இதே சோதனைகளைத் தனியார் மருத்துவமனைகள் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' என்று பொட்டலம் கட்டி விற்கின்றன. இங்கே கோளாவில் கிராமத்துத் தாய் ஒருத்தி ஒரு சதமும் கொடுக்காமல் அதைச் செய்துகொள்ளலாம். பிறசர் நோவு காட்டாத வருத்தம். தலை சுற்றினால்தான் பிறசர், நெஞ்சை அடைத்தால்தான் இதயநோய் என்று நம்பியிருந்த ஊர்களில், உடம்பில் ஒன்றும் தெரியாதபோதே அளந்து பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை ஊன்றியது இந்த நிலையங்கள்தான். வாசிக்கத் தெரியாதவருக்கும் சிவப்புக் கட்டம் விளங்கும். நிறத்தால் பேசுவது என்ற முடிவு அறிவுடையது.

அதே நிறம்தான் சிக்கலையும் உண்டாக்குகிறது. பத்தாண்டு இடர் என்னும் கணக்கில் வயது மற்ற எல்லாவற்றையும் மேவிநிற்கும். அறுபத்தைந்து வயதில் பிறசர் கூடினாலே மஞ்சளாகிவிடலாம். நாற்பதில் புகைத்தாலும் பச்சை. ஆனால் தெற்காசியர்களான நம் மக்களின் இதயம் அந்த ஒழுங்கில் காத்திருப்பதில்லை. கேரளத்தில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004இல் வெளிவந்தது. மாரடைப்பின் இடரில் பத்தில் ஒன்பது பங்கு நாம் அளக்கவும் மாற்றவும் கூடிய காரணிகளால் வருவது என்று அது காட்டியது: புகை, கொழுப்பு, பிறசர், சீனி, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கறி பழக் குறைவு முதலானவை. அதே ஆய்விலிருந்து 2007இல் வந்த இன்னொரு கட்டுரை, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53 என்றது. மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. ஆறு ஆண்டு முந்துகிறோம். இடைநிலை வயதே 53 என்றால் பாதிப் பேருக்கு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. நம் விவசாயி நின்றது அந்த வரிசையில்.

அட்டவணை கேட்காத கேள்விகளும் உண்டு. தந்தைக்கோ அண்ணனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்ததா என்று அது கேட்பதில்லை. புகைப்பவரா என்று கேட்கும், வெற்றிலையோடு புகையிலை போடுபவரா என்று கேட்காது. கிழக்குக் கரையில் இது சின்ன விடயமா? சிகரெட்டைத் தொட்டறியாத எத்தனை உம்மாமார், அம்மம்மாமார் இடுப்பில் புகையிலை முடிந்து வைத்திருக்கிறார்கள்! மெல்லும் புகையிலையும் மாரடைப்பு வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது என்பது இன்டர்ஹார்ட் தரவிலேயே உள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் அட்டவணைகளைத் திருத்தி, நிறங்களின் எல்லைகளைக் கடுமையாக்கியது. அது முன்னேற்றம்தான், ஆனால் வயதின் ஆதிக்கம் அதிலும் தொடர்கிறது. ஆகவே பச்சையில் நிற்பவரிடம் "பிரச்சினை இல்லை" என்று சொல்வது தவறான பாடம். "உங்கள் வயதில் புகைக்காத ஒருவரைவிட உங்களுக்கு ஆபத்து சில மடங்கு கூட, இந்த நிறம் உங்கள் வயதின் நிறம்" என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருக்க வேண்டும். அப்படிச் சொல்ல யார் அவருக்குக் கற்பிக்கிறார்கள்?

யார் வருகிறார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. நாடு முழுவதும் இந்த நிலையங்களுக்கு வருபவர்களில் பெரும்பான்மை பெண்கள். ஆபத்து கூடிய நடுவயது ஆண்கள் வருவது குறைவு. நிலையம் பெரும்பாலும் வேலைநாள் காலையில் திறக்கிறது. அந்த நேரத்தில் ஆலையடிவேம்பின் ஆண் சாகாமப் பக்கம் வயலில் நிற்பார், அல்லது கூலிக்குப் போயிருப்பார். அக்கரைப்பற்றுக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வரமாட்டார். வராதவரை அறிவில்லாதவர் என்று ஏசுவது எளிது, நேரத்தை மாற்றுவது கடினம், நாம் எளிதானதையே செய்து வருகிறோம். பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்றுக் கை ஆறும் வாரங்களில், மாலைநேரத்தில், கமக்காரர் அமைப்பின் கூட்டத்தோடு சேர்த்து நடத்தினால் வராமல் விடுவார்களா? தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட வனக்குறவர் சமூகம் வாழும் அளிக்கம்பைக்கு அவர்கள் ஊருக்குள்ளேயே போக வேண்டும். அங்கிருந்து நாள்கூலியை விட்டு வைத்தியசாலைக்கு வரச் சொல்வது நியாயமில்லை.

அறிவுரையின் உள்ளடக்கத்திலும் ஒரு குறை. அது தனியாளுக்குச் சொல்லப்படுகிறது, ஆனால் சோறு குடும்பத்துக்கு ஆக்கப்படுகிறது. அரிவாளால் அறுத்து, சூடு மிதித்த காலத்துக்கு வேண்டிய சோற்றளவு, அறுவடை இயந்திரம் வந்த பின்னும் கோப்பையில் குறையவில்லை. கருவாட்டின் உப்பு, தேநீர்க் கடையின் மூன்று கரண்டிச் சீனி, கல்யாண வீட்டில் பலர் சேர்ந்துண்ணும் சஹனில் ஒருவர் கையை எடுத்தால் மற்றவர் மனம் நோகும் என்ற தயக்கம், கோயில் அன்னதானத்தில் இரண்டாம் முறை வாங்க மறுக்கும் சங்கடம்: இவை எதுவும் துண்டுப்பிரசுரத்தில் இல்லை. பின்லாந்தின் வட கரேலியாவில் 1972இல் பெக்கா புஸ்கா தொடங்கிய திட்டம் இதனால்தான் இன்றும் படிக்கத் தக்கது. அங்கே மருத்துவர்கள் நோயாளியோடு மட்டும் பேசவில்லை. 'மார்த்தா' என்ற இல்லத்தரசியர் சங்கத்தோடு சேர்ந்து வீட்டுச் சமையலை மாற்றினார்கள், பால்பண்ணைக்காரரோடும் இறைச்சித் தொழிலினரோடும் பேசினார்கள். சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் முக்கால் பங்குக்கும் மேல் குறைந்தது. நம்மிடம் மாதர் சங்கம் உண்டு, பள்ளிவாசல் நிர்வாகம் உண்டு, ஆலய பரிபாலன சபை உண்டு. அவற்றை நாம் டெங்கு ஒழிப்புக்கு மட்டுமே அழைக்கிறோம்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். இதயநோய்த் தடுப்புக் கல்வி என்றவுடன் கற்க வேண்டியவர் நோயாளி என்றே எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம். மருத்துவரும் தாதியும் கற்க வேண்டியது அதற்குக் குறைந்ததல்ல.

இதற்குச் சான்று இலங்கையிலேயே இருக்கிறது. 2018இல் 'ஜாமா' இதழில் வெளியான 'ட்ரையம்ப்' ஆய்வு நம் நாட்டு வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பிறசர் நோயாளிகளைக் கொண்டு நடந்தது. ஒரு பகுதியினருக்கு மூன்று மருந்துகளைச் சிற்றளவில் சேர்த்த ஒரே குளிசை. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதத்தில் முதல் பகுதியில் 70 வீதத்தினர் இலக்கு அளவை எட்டினர், வழக்கமான கவனிப்பில் 55 வீதத்தினரே. அதாவது ஆய்வுக்குள் இருந்து, வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறசர் இலக்கு அளவுக்கு இறங்கவில்லை. இவர்களையெல்லாம் அறிவுரை கேளாதவர்கள் என்று தள்ளிவிட முடியுமா? மருந்தின் அளவைக் கூட்டவேண்டிய இடத்தில் கூட்டாமல் விடுவது உலகெங்கும் உள்ள மருத்துவப் பழக்கம். கிளினிக் கொப்பியைப் புரட்டுங்கள்: 150, 154, 152 என்று மாதந்தோறும் எண் எழுதப்பட்டிருக்கும், கீழே அதே மருந்து, அதே அளவு. நோயாளி உப்பைக் குறைக்கவில்லை என்று குறிப்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

அளக்கும் முறையிலும் பிழை நுழைகிறது. ஐந்து நிமிடம் அமர்ந்து இளைப்பாறி, முதுகு சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் இருக்கும்போது, இரண்டு முறை எடுப்பதே சரியான அளவு. வெயிலில் வந்து, வரிசையில் முட்டி, கையை நீட்டிய மறுகணம் எடுத்த எண்ணை நம்பி ஆயுள் முழுக்கக் குளிசை எழுதுவதும், அந்த எண்ணை நம்ப மறுத்து எதுவும் செய்யாமல் விடுவதும் ஒரே பிழையின் இரண்டு விளைவுகள்.

நோன்பு இன்னொரு சோதனை. இந்தக் கரையில் சீனியும் பிறசரும் உள்ள பலர் றமழானில் நோன்பு நோற்பார்கள். "நோன்பு பிடிக்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லும் மருத்துவரிடம் அவர்கள் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தாங்களே மருந்தைக் குறைத்தும் நிறுத்தியும் சமாளிக்கிறார்கள். எந்தக் குளிசையை சஹருக்கு, எதை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றலாம், எந்தச் சீனி மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும், யார் உண்மையிலேயே நோற்கக் கூடாது என்பதற்கு வழிகாட்டு நூல்கள் உள்ளன. றமழானுக்கு ஒரு மாதம் முன்பே அதை உட்கார்ந்து பேச வேண்டும். கல்முனைப் பிராந்தியத்தில் பணிக்கு வரும் எந்த மருத்துவருக்கும், எந்த மதத்தவராயினும், முதல் வாரத்திலேயே கற்பிக்க வேண்டிய பாடம் இது.

மருத்துவர்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு காலைக் கிளினிக்கில் நூற்றுக்கு மேற்பட்டோர் காத்திருக்கையில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலை மருந்தகம் வெறிச்சோடியபோது, குளிசையை வெளியில் வாங்கச் சொல்லிச் சீட்டெழுதியவர்களின் மனவேதனை உண்மையானது. வாங்க முடியாதவரிடம் தவறாமல் மருந்து குடிக்கச் சொல்வது கல்வி ஆகாது. எல்லாம் மருத்துவர் கையிலும் இல்லை; கடைத்தெருவில் அரசு தலையிட வேண்டிய இடங்களும் இருக்கின்றன. குளிர்பானப் போத்தல்களுக்குச் சீனி அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சைக் குறி 2016இல் வந்தது நல்ல தொடக்கம்.

ஆனாலும் ஒரு வழி பலன் தருமென்று தெரிந்திருக்கிறது. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில், 2,645 பிறசர் நோயாளிகளுடன் நடந்த 'கோப்ரா' ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. சுகாதாரப் பணியாளர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போய், அளந்து, குடும்பத்தோடு பேசினார். அதோடு மருத்துவர்களுக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது. அழுத்தம் குறையாத நோயாளிகளை அந்த மருத்துவர்களிடம் அனுப்பும் ஒழுங்கும் இருந்தது. இரண்டு ஆண்டில் மேல் அழுத்தம் வழக்கமான கவனிப்பைவிட 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. ஒரு மனிதருக்கு அது சிறிய எண், ஊர் முழுவதற்கும் எடுத்தால் எத்தனையோ மாரடைப்புகள். வீட்டு வாசலும் மருத்துவர் மேசையும் ஒன்றாகக் கற்றதால் வந்த பலன் இது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்த நம் குடும்பநல உத்தியோகத்தர்கள் பிரசவத் தாய்மாரைக் காப்பாற்றியது இதே முறையில்தான். அவர்கள் தலையில் இன்னொரு சுமையாக இதை ஏற்றாமல், இதற்கென ஆள் நியமிப்பதே சரி.

என் தீர்ப்பு இது: சுகவாழ்வு நிலையம் நோயைக் கண்டுபிடிப்பதில் தேறியிருக்கிறது, கண்டுபிடித்தவரைக் கைவிடாமல் வைத்திருப்பதில் தவறியிருக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கையே மேலிடம் கேட்பதால் கீழே அதையே நிரப்புகிறார்கள். பிறசர் உள்ளதாகக் கண்டவர்களில் ஆறு மாதம் கழித்து எத்தனை பேருக்கு 140க்குக் கீழ் வந்தது என்ற எண்ணை, ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்கும் கல்முனைப் பணிமனை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆலையடிவேம்பின் எண் என்ன என்று கேட்கப் பிரதேச சபைக்கும் ஆலய பரிபாலன சபைக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் உரிமை உண்டு. அடுத்த முறை கிளினிக் போகும் நீங்களும் கொப்பியை நீட்டும்போது கேளுங்கள்: "டொக்டர், என் பிறசர் எவ்வளவு, எவ்வளவுக்கு வரவேண்டும், வராவிட்டால் இன்றைக்கு எதை மாற்றுகிறீர்கள்?"