ஏணியும் அரும்பும்

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் வந்தபோது ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். சுவரைச் சுற்றிலும் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகைகள் வந்தன. ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளி உருவாக்கியிருந்த முறையைத் தழுவி, பாடங்களை அட்டைகளாகப் பிரித்து 'ஏணி'யாக வரிசைப்படுத்தினார்கள். அவரவர் வேகத்தில் ஏறலாம். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் பரவியது.

பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டு மாதக்கணக்கில் கழித்துத் திரும்பும் பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். வழக்கமான வகுப்பில் அதற்குள் நாலு பாடம் ஓடியிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அம்முறையை மெச்சலாம். ஆனால் அட்டையோடு தனியே உட்கார்ந்த பிள்ளைக்குப் பேச ஆள் குறைந்தது. வகுப்பே சேர்ந்து கதை கேட்பதும், குறுக்கே கேள்வி கேட்டுச் சிரிப்பதும் அருகின. யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று குறித்துவைப்பதே ஆசிரியருக்குப் பெரும் வேலையாயிற்று.

கொரோனா விடுமுறைக்குப் பின், 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பிள்ளைகளின் திறனைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதும் மூன்றாம் வகுப்புப் பாடம் தெரிந்திருப்பதும் வேறு வேறு என்று அரசே ஒப்புக்கொண்டது நல்ல செய்தி. பெயர்களும் அழகு. என்ன, தான் 'அரும்பு' என்றால் என்ன பொருள் என்பது பிள்ளைக்கு ஒரே வாரத்தில் புரிந்துவிடும்!

நிலை பிரிப்பதோடு வேலை முடிவதில்லை. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. மதிப்பீட்டில் அது வெறும் தவறு. "எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான், "ரெண்டுல ஏழு போகாது டீச்சர், அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன்" என்று பதில் வரும். கடன் வாங்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். பத்துக் குச்சிகளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னால் பிடிபட்டுவிடும். அதற்குப் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் செயலியில் மதிப்பெண் பதிவேற்றும் வேலை தின்றுவிடுகிறது.

கல்வி உரிமைச் சட்டம், 2009இன்படி ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். ஐந்து வகுப்பு, வகுப்புக்கு மூன்று நிலை என்றால் காகிதக் கணக்கில் பதினைந்து குழுக்கள்; கேட்க இரண்டு பேர். சட்டம் தலைகளை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணவில்லை. இதை மாற்றாமல் அட்டையையும் பயிற்சி நூலையும் எத்தனை முறை மாற்றினாலும் பயன் பாதிதான். அடுத்த திட்டத்துக்குப் பெயர் தேடுவதற்கு முன், தொடக்கப்பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியரை அரசு நியமிக்கட்டும்.