கூட்டினால் ஏழு

பழைய டாடா லாரியை ஐட்லிங்கில் விட்டுக் காது கொடுத்தால், டீசலின் உறுமலுக்கு மேலே மெல்லிய 'டிக் டிக்' கேட்கும். அதுதான் டேப்பட். சத்தம் கூடினால் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்று பொருள். ஆனால் அனுபவசாலிகள் அஞ்சுவது அடியோடு சத்தம் அடங்கிய டேப்பட்டுக்கு. இடைவெளியே இல்லாத வால்வ் சூட்டில் நீண்டு முழுதாக மூடாமல் நிற்கும். கொஞ்ச நாளில் கருகும்.

1954இல் டைம்லர் பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது டாடாவின் டெல்கோ நிறுவனம். அந்த வழியில் வந்த 697 போன்ற ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலைகளில் டேப்பட் செட்டிங்தான் அழகின் உச்சம்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கியர் நியூட்ரலில், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, ஸ்டாப் கேபிள் இழுத்தபடி. வால்வ் கவரைக் கழற்றியதும் பன்னிரண்டு ராக்கர்கள் வரிசையாகத் தெரியும்.

இந்த எஞ்சின் வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும் ஜோடி. எந்த ஜோடியைக் கூட்டினாலும் ஏழு. எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றும்போது ஆறாவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் மூடிமுடிய, இன்லெட் திறக்கத் தொடங்கும். இரண்டு ராக்கரும் ஒருங்கே அசையும் அந்தக் கணத்தில் ஒன்றாவது சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும். அதை அப்போது செட் செய்யலாம். பிறகு இரண்டு அசையும்போது ஐந்து, நான்கு அசையும்போது மூன்று. தாளில் எதையும் எழுதாமல் இந்தக் கணக்கை மனசில் ஓட்டியபடியே ஒருவர் வேலை செய்வதைப் பார்ப்பது தனி சுகம்.

கையேட்டில் சொன்ன தடிமனுள்ள ஃபீலர் கேஜ் தகடு இடைவெளியில் இறுகாமலும் தளராமலும், லேசாக உரசிக்கொண்டு நழுவ வேண்டும். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பதுபோல, இம்மி அளவைக் கைதான் அறியும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சற்றுத் திரும்பிவிடும். அதனால் இறுக்கிய பிறகு தகட்டை மறுபடி நுழைத்துப் பார்ப்பதில்தான் தேர்ந்த கை தெரிகிறது. எக்ஸாஸ்ட் வால்வ் அதிகம் சூடாவதால் அதற்கான அளவு இன்லெட்டைவிடக் கூடுதல். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

டீசல் பம்ப் கதை வேறு. ஃபில்டர் மாற்றியபின் ஏர் எடுப்பது வீட்டு வேலைதான்: பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஹேண்ட் பம்பை அடித்தால் போதும். பம்பின் உள்ளே கைவைக்க டெஸ்ட் பெஞ்ச் வேண்டும். அதற்குப் பம்ப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

டேப்பட் வேலை முடிந்து வால்வ் கவரை மூடும்போது கேஸ்கட் புதிதாக இருக்கட்டும். எஞ்சினைக் கிளப்பிச் சற்று ஓடவிட்டு, ஓரமெங்கும் விரலால் தடவி ஆயில் கசிவு பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.