மால்தஸ் போடாத கணக்கு

போர் வந்தால் மக்கள்தொகை குறையும், பூமியின் பாரம் தணியும், எஞ்சியோர் பெருகி இடத்தை மீண்டும் நிரப்புவர் என்று பேசுவோர் படித்தவர் நடுவிலும் உளர். பேச்சு மிகப் பழையது. அதற்கு அறிவியல் அங்கி அணிவித்தவர் ஆங்கிலப் பாதிரியார் தாமஸ் இராபர்ட் மால்தஸ். 1798இல், தம் பெயரையும் பொறிக்காமல் அவர் வெளியிட்ட மக்கள்தொகை பற்றிய நூல், டார்வினுக்கே தூண்டுகோலாக அமைந்தது. அத்தகைய நூலை அலட்சியமாக ஒதுக்குதல் பகுத்தறிவாகாது. ஆராய்ந்து, அதன்பின் ஏற்போம் அல்லது மறுப்போம்.

மால்தஸ் கூறுவது என்ன? உணவு பெருகும் வேகத்தினும் மக்கள் பெருகும் வேகம் மிகுதி. பஞ்சமும் பிணியும் போரும் அந்தப் பெருக்கத்துக்குத் தடைகள். மக்கள் மாண்ட இடத்தில் நிலமும் உணவும் மிஞ்சும். எஞ்சியோர் விரைந்து மணப்பர், மகவு பெறுவர், பள்ளம் தூர்ந்துவிடும். போர்க்களமாகவே கிடந்த பிளாண்டர்ஸ் சில ஆண்டு ஓய்வில் பழையபடி செழித்ததைச் சான்று காட்டினார். இலண்டனைச் சூறையாடிய கொள்ளைநோயின் தடமும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் மறைந்ததென்றார்.

அவர் போரைப் போற்றினாரல்லர். பதினான்காம் லூயியின் படைகள் விளைத்த நாசத்தைப் பழித்தே எழுதினார். குறை அவர் நெஞ்சில் இல்லை, கணக்கில் இருக்கிறது. தலைகளை எண்ணினாரேயன்றி அவை எவருடைய தலைகள் என்று கேட்டாரில்லை. ஆணா பெண்ணா, இளையரா முதியரா, எம்மொழியினர்? இங்கிலாந்தில் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்ததே 1801இல், அவர் நூல் வெளிவந்து மூன்றாண்டு கழித்து. அவரிடம் இல்லாத பட்டியல்கள் இன்று நம்மிடம் உண்டு. அவற்றை விரித்துப் பார்ப்போம்.

முதல் உலகப் போரில் பிரான்சு இழந்த வீரர்கள் 13 இலட்சத்துக்கும் மேல். அது மாண்டவர் கணக்கு. பிறவாதவர் கணக்கு வேறு. கணவன் களத்தில் கிடந்த அந்த ஆண்டுகளில் பிறப்புகள் ஏறத்தாழப் பாதியாயின. 1915 முதல் பிறந்த அந்தச் சிறு தலைமுறை இருபது வயதை எட்டியபோது படைக்கு ஆள் போதவில்லை. 1935இல் கட்டாயப் படைப்பணியை ஓராண்டிலிருந்து ஈராண்டாக்க நேர்ந்தது. மால்தஸ் மறையும் என்ற வடு, இருபதாண்டு கழித்து அரசின் சட்டத்திலேயே தலைகாட்டிற்று!

இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியம் பறிகொடுத்தது ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் உயிர்கள். 1959இல் எண்ணிப் பார்த்தபோது ஆண்கள் 9 கோடியே 40 இலட்சம், பெண்கள் 11 கோடியே 48 இலட்சம். முந்தைய போர்கள் விட்டுச்சென்ற குறையும் இதில் அடங்கும். போர் முடிந்து பதினான்கு ஆண்டுக்குப் பின்னும் 2 கோடிப் பெண்கள் மிகுதி என்றால், மணமின்றி முதிர்ந்த மங்கையர் எத்தனை பேர், தனித்து நின்று மக்களை வளர்த்த கைம்பெண்கள் எத்தனை பேர்! போர்க்காலத்தில் குழந்தைகள் குறைவாகப் பிறந்ததால் 1960களில் இளந்தாய்மார் குறைந்தனர். அதனால் பிறப்பு மீண்டும் சரிந்தது. அச்சரிவின் எதிரொலி 1990களிலும் கேட்டது. கல்லெறிந்த குளத்தில் அலை வட்டம் விரிவது போல, ஒரு போரின் குறை பேரப்பிள்ளைகள் வரை விரிகிறது.

இனப்படுகொலையோ இன்னும் கொடிது. 1939இல் உலக யூதர் தொகை ஏறத்தாழ 1 கோடியே 66 இலட்சம். இட்லரின் நாசி ஆட்சி கொன்றொழித்தது 60 இலட்சம் பேரை. அவருள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் குழந்தைகள். போர்க்களத்தில் மடிவோர் படைவீரர். இங்கோ தாயும் சேயும் தேடித் தேடிக் கொல்லப்பட்டனர். வருங்காலத் தாய் தந்தையரையே வேரறுத்த செயல் அது. அன்று 230 கோடியாக இருந்த உலக மக்கள் இன்று 800 கோடியைக் கடந்துவிட்டனர். யூதர் தொகையோ எண்பதாண்டு கடந்தும் 1939இன் அளவை எட்டவில்லை. மாண்டோருள் பெரும்பாலோர் பேசிய இட்டிஷ் மொழியும் தன் மக்களை இழந்து மெலிந்தது. மால்தஸின் பள்ளம் தூர்ந்ததா?

மறுப்போர் உருவாண்டாவைக் காட்டக்கூடும். 1994இல் நூறு நாள்களில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் வெட்டி வீழ்த்தப்பட்ட நாடு அது. 1991இல் 71 இலட்சமாக இருந்த தொகை 2002இல் 81 இலட்சமாயிற்று. உண்மை! ஆனால் அந்த எண்ணுக்குள் இருப்பவர் யார்? முன்னர் விரட்டப்பட்டு அயல்நாடுகளில் வாழ்ந்து மீண்டோர் அதில் உளர். புதிதாய்ப் பிறந்தோர் உளர். பெற்றோரை இழந்த பிள்ளைகள் உளர். படுகொலையை அடுத்த ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஓர் இல்லத்துக்குப் பெண்ணே தலைவி. தொகை திரும்பிற்று; தந்தையர் திரும்பவில்லை.

வரலாறு கற்பிக்கும் நாங்கள் போரின் விளைவுகள் என்றதும் உடன்படிக்கையையும் எல்லை மாற்றத்தையும் சொல்லிக் கொடுத்து நிறுத்திவிடுகிறோம். வயதுவாரிப் பட்டியலையும் அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். இளைஞரே, போர் பாரத்தைக் குறைக்கும் என்று எவரேனும் உரைத்தால் சினம் கொள்ளாதீர். மாண்டவர் வயதென்ன, பிறவாது போனவர் எத்தனை பேர், சுமை எவர் தோளுக்கு மாறிற்று என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பாரம் குறையவில்லை, கைம்பெண்ணின் தோளிலும் தாயற்ற பிள்ளையின் தலையிலும் ஏறி அமர்ந்தது என்பதைக் கணக்கே காட்டிவிடும்.