இருபது மடங்கில் ஒரு சாமை மணி

ஸ்டீரியோ நுண்ணோக்கி வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால், சுற்றியிருப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மடங்கு?" என்றுதான். இருபது போதும் என்பது என் கட்சி. ஐபீஸ் பத்து, ஆப்ஜெக்டிவ் இரண்டு. ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் காட்சி. லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே விரலும் ஊசியும் தாராளமாகப் புழங்க இடம். ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் அறுவடை முடிந்த கையோடு, களத்திலிருந்து ஒரு சிட்டிகை சாமையை எடுத்துவந்து கறுப்புத் தட்டில் தூவிப் பார்த்தவர்கள் என் பக்கம்தான் பேசுவார்கள்.

விளக்கை மட்டும் பக்கவாட்டில் தாழ்த்தி வையுங்கள். மேலிருந்து அடிக்கும் வெளிச்சம் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் மணியின் முதுகு எழும்பும், வயிறு நிழலில் அமுங்கும். வழவழவென்று மின்னும் பெரிய உமி, உள்ளே இருக்கும் சின்ன உமியின் இரண்டு ஓரங்களையும் மடித்துப் பிடித்திருப்பது தெரியும். ஊசி முனையால் புரட்டினால், நாம் தள்ளுகிற பக்கமே மணி புரளும். தலைகீழ் பிம்பத்தோடு மல்லுக்கட்டிப் பழகிய கைகளுக்கு இது எத்தனை பெரிய விடுதலை!

இந்தச் சுகத்துக்கெல்லாம் மூலம் கிரீனோ அமைப்பு. கண்ணுக்கு ஒன்றாக இரண்டு தனிக் குழல்கள், கீழே பத்துப் பதினைந்து டிகிரி கோணத்தில் சாய்ந்து ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. ஹொரேஷியோ கிரீனோ அமெரிக்க உயிரியலாளர். 1890களில் யேனா நகரத்து ஸைஸ் நிறுவனத்தாரிடம் இந்த யோசனையைக் கொண்டுபோனார். 1897இல் கருவி வந்தது. அதே பெயர் கொண்ட அவருடைய தந்தை ஒரு சிற்பி. தட்டையான படம் போதாது என்று தோன்றுவதற்கு ஒரு சிற்பியின் மகன் வரவேண்டியிருந்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அதே யேனா ஸைஸ் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 1972 முதல் நிற்கிறது. யுரேனஸின் வளையங்கள் பிடிபட்ட 1977 மார்ச் 10 அன்று அந்தக் கோளைக் கவனித்த கருவிகளில் அதுவும் ஒன்று. அதைப் பார்க்க மலையேறி வருகிறவர்கள், காலடியில் கிடப்பதையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

ஒற்றைப் பெரிய ஆப்ஜெக்டிவ் வைத்த கருவிகளே உயர்ந்தவை என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. புகைப்படம் எடுக்க அவை வசதி. கிரீனோவில் காட்சியின் ஓரங்கள் ஃபோகஸிலிருந்து சற்று விலகும் என்பதும் உண்மை. ஆனால் ஒற்றை ஆப்ஜெக்டிவ் கருவியில் இரண்டு கண்ணும் பெரிய லென்ஸின் ஓரப் பகுதிகள் வழியாகப் பார்க்கின்றன. கிரீனோவில் ஒவ்வொரு கண்ணும் தன் லென்ஸின் நடு மையத்தில் பார்க்கிறது. எளிய விலை லென்ஸ்கூட இதில் நன்றாக வேலை செய்யும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நாற்பதுக்கு நான் மாறுவது தேனீக்காக மட்டும். இங்கே பெட்டித் தேனீ வளர்க்கும் வீடுகளின் பக்கம் போனால் செத்த வேலைக்காரத் தேனீ ஒன்றாவது கிடைக்கும். பின்னங்காலின் வெளிப்புறம் சற்றே குழிந்த வழுக்குத் தளம். ஓரமெல்லாம் வளைந்த மயிர். உள்ளே நீளமாக ஒற்றை மயிர். மகரந்த உருண்டை நழுவாமல் நிற்பது அதைப் பற்றிக்கொண்டுதான். பிறகு தலையைத் திருப்பிக் கூட்டுக்கண்ணைப் பாருங்கள், கண்ணின் மேலேயே மயிர் முளைத்திருக்கும். தேன் எடுக்கும் பெரியவர் ஒருவர் வழக்கப்படி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். "ரெண்டு கண்ணையும் திறங்க ஐயா" என்று சொல்லிக் குழல்களை அவர் கண் அகலத்துக்கு நெருக்கிவைத்தேன். இரண்டு வட்டமும் ஒன்றாகச் சேர்ந்த நொடியில் அவர் கை தானாகவே நீண்டு அந்தக் காலைத் தொடப்போனது.

இப்போது சந்தைக்கு வருவதில் பாதி, பெட்டி மேல் ஆயிரம் மடங்கு என்று அச்சடித்துத் திரையில் காட்டும் யூஎஸ்பி கேமரா. அதில் ஒரே ஒரு லென்ஸ். ஆழம் எங்கிருந்து வரும்? இரட்டைக் குழல் உள்ளவற்றிலும், பிம்பத்தை நிமிர்த்தும் ப்ரிஸத்தை நேராகப் பொருத்துகிற பொறுமை குறைந்துவிட்டது. அரைமணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கிறது. சாமைக்கும் இதே கதிதான். கடையில் வாங்கும் வெள்ளைவெளேர் சாமையைத் தட்டில் வைத்தால் தவிடு சுரண்டப்பட்டு, முளைக்கரு இருந்த இடம் பொக்கையாகி, மாவு படிந்து நிற்கிறது. உரலில் குத்தியதன் மங்கிய நிறத்தையும் மொழுமொழுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் பிறகு அந்த வெள்ளைச் சாமையை வாங்க மாட்டார்.

கருவி வாங்கப் போகும்போது நான்கு சாமை மணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஃபோகஸ் செய்துவிட்டு இடது கண், வலது கண் என்று மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். மணி பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தால் பரவாயில்லை. மேலும் கீழுமாகத் துள்ளினால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்தக் கருவி வேண்டாம்.