முப்பதுக்கு மேல் முதல் கரணம்

ஜிம்னாஸ்டிக்ஸில் வயதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், ஒக்சானா சுசோவிடினாவைச் சாட்சிக்கு இழுத்து வந்துவிடுவார்கள். உஸ்பெகிஸ்தானின் புகாராவில் 1975இல் பிறந்தவர். 1992 பார்சிலோனா தொடங்கி டோக்கியோ வரை எட்டு ஒலிம்பிக். டோக்கியோவில் வால்ட்டை நோக்கி ஓடியபோது வயது 46. அடுத்த சாட்சி ஹங்கேரியின் ஆக்னஸ் கெலெட்டி. 1956 மெல்போர்னில், 35 வயதில், நான்கு தங்கம் அள்ளியவர். "பார்த்தீர்களா, வயதெல்லாம் ஒரு தடையா?" என்று வாதத்தை முடித்துக்கொள்வார்கள்.

முப்பது வயதில் முதன்முறையாக ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்குக்குள் நுழைபவருக்கு இந்தச் சாட்சிகள் உதவ மாட்டார்கள். இருவருமே சிறுமிகளாக இருந்தபோதே தொடங்கியவர்கள். எலும்பு வளரும் வயதிலேயே குதிக்கவும் விழவும் பழகிய உடல்கள் அவை. 86 வயதில் பேரலல் பாரில் ஏறி உலகையே அசரவைத்த ஜெர்மனியின் யோஹன்னா குவாஸும் இளமையில் கற்றதைத்தான் ஐம்பதைக் கடந்தபின் மீட்டெடுத்தார். விட்ட இடத்திலிருந்து தொடர்வது வேறு, ஒன்றுமே தெரியாமல் தொடங்குவது வேறு.

அதற்காக "இது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்" என்று ஒதுங்குவதும் சரியல்ல. 1811இல் பெர்லினின் ஹாசன்ஹைடெ திடலில் ஃப்ரீட்ரிக் லுட்விக் யான் கருவிகளை நிறுத்தியபோது அவற்றில் ஏறித் தொங்கியவர்களில் வளர்ந்த இளைஞர்களும் உண்டு. 1964 டோக்கியோவில் தங்கம் வென்ற சோவியத் வீராங்கனை லத்தினினாவுக்கு 29 வயது. 1976இல் நாடியா கொமனேச்சி 14 வயதில் முழுப் பத்து மதிப்பெண் வாங்கிய பிறகுதான் சிறுமி உருவம் நம் மனதில் இறுகியது. பெண்களுக்கான குறைந்தபட்ச வயதை 1997இல் 16 ஆக்கினார்கள். பாரிஸ் 2024இல் ஆல்-அரவுண்ட் தங்கம் வென்ற சிமோன் பைல்ஸுக்கு வயது 27.

சரி, புதிதாக வரும் பெரியவருக்கு உண்மையான சிக்கல் எங்கே? உடல் வளையாது என்பதுதான் பலரின் பயம். வளைவு மெதுவாக வந்துவிடும். ஆபத்து இருப்பது தசைநாணில். பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே தசைக்குப் பலம் ஏறத் தொடங்கும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண் தேற மாதங்கள் பிடிக்கும். "இப்போது முடிகிறதே" என்ற தெம்பில் ஓடி எம்பிக் குதிக்கும்போது குதிகால் நாணும் மணிக்கட்டும் மாட்டிக்கொள்கின்றன. தரையிறங்கும் கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை காலில் இறங்குகிறது. போதாக்குறைக்கு உயரம் வேறு. பைல்ஸ் 142 செ.மீ.தான். உயரம் கூடும்போது எடை ஏறுகிற அளவுக்குப் பலம் ஏறுவதில்லை. நீண்ட உடலைக் காற்றில் சுழற்றுவதும் கடினம்.

கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்டையே எடுத்துக்கொள்வோம். மணிக்கட்டு செங்கோணத்துக்கு மடங்க வேண்டும், தோள் காதோடு ஒட்டித் திறக்க வேண்டும். நாளெல்லாம் கணினி முன் குனிந்திருப்பவருக்கு இரண்டும் வராது. தோள் திறக்காத குறையை முதுகு வளைந்து ஈடுகட்டும். இந்த வளைவுக்குப் பயிற்சியாளர்கள் வைத்த பெயர் வாழைப்பழம். அதை நேராக்கவே பல மாதம் ஓடிவிடும். ஓடட்டும். இந்த விளையாட்டின் பாதி அதற்குள் அடக்கம்.

பாரில் 'கிப்' என்றொரு வித்தை உண்டு. தொங்கியபடி முன்னால் வீசி, கணுக்காலைப் பார் வரை கொண்டுவந்து, அந்த வேகத்திலேயே பாருக்கு மேல் எழுந்து கைகளை ஊன்ற வேண்டும். ஜிம்மில் புல்-அப் எடுத்துத் தேர்ந்தவர்கள்கூட இதில் திணறுவதுண்டு. சின்னப் பெண் ஒருத்தி அலட்டாமல் எழுந்துவிடுவாள். கை பலம் எவ்வளவு இருந்தாலும் வீச்சின் நேரம் தப்பினால் மேலே போக முடியாது.

பின்னோக்கிப் பாயும் வித்தைகளில் பயம் சேர்ந்துகொள்ளும். குழந்தைக்கு விழும் உயரம் குறைவு. மருத்துவமனைச் செலவும் மறுநாள் அலுவலகமும் அதற்குத் தெரியாது. பெரியவருக்கு எல்லாம் தெரியும். பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய குழியும், இடுப்பைத் தாங்கும் பயிற்சியாளரின் கையும் அதற்காகத்தான் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த வெட்கப்பட வேண்டியதில்லை. சொல்வதைக் காரணத்தோடு புரிந்துகொண்டு திருத்திக்கொள்வது பெரியவரின் பலம்.

மதிப்பெண் முறையும் பொறுமைக்காரர் பக்கமே நிற்கிறது. செயல்திறன் மதிப்பெண் பத்தில் தொடங்கும். சிறு பிழைக்கு 0.1, நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரிய பிழைக்கு 0.5, விழுந்தால் முழுசாக 1.0 போய்விடும். முழங்கால் ஒட்டி, பாதம் நீண்டு, எளிய வரிசையைச் சுத்தமாகச் செய்பவர் தட்டுத்தடுமாறிக் கடினமானதைச் செய்பவரை முந்தலாம். அமெரிக்காவில் கல்லூரி மன்றங்களுக்காக உருவான என்ஏஐஜிசி போட்டிகளில் படிப்பை முடித்த பெரியவர்களும் களமிறங்குகிறார்கள்.

என்னைக் கேட்டால், முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு ஹேண்ட்ஸ்டாண்ட், பிறகு பாரில் தொங்கும் வித்தைகள். ஓடிக் குதிப்பதும் பின்கரணமும் கடைசியில் வரட்டும். முதல் வாரத்திலேயே பின்கரணம் போட வைக்கிறேன் என்று சொல்லும் பயிற்சியாளரிடம் பணம் கட்டாதீர்கள்.