முயல் சொன்ன கணக்கு

நோயாளி வாழ்ந்தால்தான் கிருமிக்கும் வாழ்வு. ஆகவே நாளடைவில் எந்தக் கிருமியும் சாதுவாகிவிடும். மருத்துவ உலகம் நெடுங்காலம் இந்த ஆறுதலை விதிபோல் நம்பியது. குடியிருக்கும் வீட்டை எவனாவது கொளுத்துவானா? கொளுத்தினால் பத்து வீடு கிடைக்குமென்றால் கொளுத்துவான் என்கிறது கணிதம்.

நோயைக் கணிதத்தால் ஆராயும் இந்த மரபின் வேர்களில் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸ், பிற்பாடு அந்த நோயைச் சமன்பாடுகளில் எழுதினார். கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மெக்கென்ட்ரிக், எடின்பரோவில் கண்பார்வை இழந்த வேதியியலாளர் கெர்மாக்குடன் 1927-இல் வெளியிட்ட கட்டுரை, பம்பாயின் 1905-06 பிளேக் சாவுக் கணக்கைத் தன் வளைகோட்டோடு பொருத்திப் பார்த்தது. இவர்களின் கணக்கில் மனிதர்கள் நோய் தொற்றியும் தேறியும் நிலை மாறுவார்கள். கிருமி மட்டும் கடைசிவரை அதே கிருமி.

கிருமியே மாறினால்? முயல் தொல்லையை ஒழிக்க ஆஸ்திரேலியா 1950-இல் மிக்சோமா வைரஸைப் பரப்பியது. தொடக்கத்தில் தொற்றிய முயல்களில் 99 சதவீதத்துக்கு மேல் செத்தன. சில ஆண்டுகளில் காட்டில் ஓங்கியதோ 70 முதல் 95 சதவீதம் கொல்லும் நடுத்தர வகை. இதையா சாது என்பது? வேகமாகக் கொன்றால், வைரஸைப் பரப்பும் கொசு வந்து கடிக்க அவகாசமில்லை. மிக மென்மையாக இருந்தால் முயல் சீக்கிரம் தேறிவிடும், கொசுவின் வாயில் ஒட்டிச் செல்லத் தோலில் வைரஸ் போதாது.

இதை அளந்த ஃபிராங்க் ஃபென்னரின் முறையைத்தான் இம்மரபின் உரைகல் என்பேன். சாவு குறைந்தால் வைரஸ் தளர்ந்ததா, முயல் வலுத்ததா? இரண்டையும் அவர் பிரித்தார். காட்டு வைரஸை நோயே காணாத ஆய்வக முயல்களில் செலுத்தினார். காட்டு முயல்களை, மாறாமல் காத்துவைத்த ஒரே வைரஸ் வகையால் சோதித்தார். இரண்டுமே மாறியிருந்தன.

அந்த எண்களை வைத்துத்தான் 1982-இல் ஆண்டர்சனும் மேயும் மூன்று சிந்தனைப் பள்ளிகளில் முதலாவதை நிறுவினர். பரவும் வேகத்தை, தொற்று முடியும் வேகத்தால் வகு. அந்த ஈவு எந்தக் கொல்லும் வீரியத்தில் உச்சமோ அங்கே கிருமி நிற்கும். அழகான கணக்குத்தான். ஆனால் வீரியம் ஏறினால் பரவல் எவ்வளவு ஏறும் என்பதை அளக்காமல் அனுமானித்துக்கொண்டவர்களே அதிகம். எச்ஐவியில் நடுத்தர வைரஸ் அளவே மொத்தத்தில் அதிகம் பரப்புகிறது என்று 2007-இல் ஃபிரேசர் குழு காட்டியது அபூர்வமான விதிவிலக்கு.

மெட்ஸ், கெரிட்ஸ், டீக்மன் வழிவந்த இரண்டாம் பள்ளி வேறு கேள்வி கேட்கிறது: ஒரு வகை நிலைத்துவிட்ட ஊரில் அரிதாக நுழையும் புது வகை பெருகுமா? ஒரே உடலுக்குள் இரு வகைகள் மோதினால், மூர்க்கமானது முந்தலாம்.

என் சாய்வு மூன்றாம் பள்ளியின் பக்கம். டேயும் காண்டனும் போய்ச் சேரும் இடத்தை விட்டுவிட்டுப் போகும் வழியைப் பார்த்தார்கள். கொள்ளைநோய் ஏறுமுகத்தில் இருக்கையில் தொற்றக்கூடிய ஆட்கள் தாராளம், அவசரக்காரக் கிருமி ஜெயிக்கும். ஆட்கள் அருகியபின் பொறுமைசாலி முந்தும். 2013-இல் பாக்டீரியாவைத் தொற்றும் லாம்டா வைரஸில் இதே ஏற்ற இறக்கம் ஆய்வகத்தில் காணப்பட்டது.

தடுப்பூசியும் இந்தக் கணக்கை மாற்றும்: சாவைத் தடுத்துத் தொற்றைத் தடுக்காத தடுப்பூசி வீரியத்தைக் கூட்டலாம் என்று 2001-இல் காண்டன் குழு கணக்கிட்டது. 2015-இல் ஆண்ட்ரூ ரீட் குழு கோழிகளின் மாரெக் நோயில் அதைச் சோதித்தது. மிகக் கொடிய வகை தொற்றிய ஊசி போடாத கோழிகள் பத்து நாட்களுக்குள் மடிந்தன, வைரஸும் அவற்றோடு அடங்கிற்று. ஊசி போட்டவை பிழைத்திருந்து, வாரக்கணக்கில் அதை உதிர்த்துக்கொண்டிருந்தன.