கிலோமீட்டரில் வராத தூரம்

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகிற ரோட்டில் காலை எட்டு மணி வாக்கில் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தனியாக நடப்பது அபூர்வம். மூணு பேர், நாலு பேர், சில சமயம் பின்னாலேயே ஒரு குட்டித் தம்பி. ஒருத்தி வரலைன்னா மத்தவங்க திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே நிற்பாங்க. நம்முடைய கல்வித் திட்டங்கள் தூரத்தை அளக்கிற முறையில் இந்தக் காட்சிக்கு இடமே இல்லை.

அளவுகோல் என்ன சொல்கிறது? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளில் தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள், ஆறிலிருந்து எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள். அதே 2009-ல் வந்த ஆர்.எம்.எஸ்.ஏ. திட்டம் உயர்நிலைப்பள்ளிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தது. இந்த எண்களை நான் கிண்டல் செய்யவில்லை. பள்ளிக்கூடம் வேணும்னு ஒரு ஊர் கேட்க, இவைதான் பிடிமானம். மலைப்பாதையில் 3 கிலோமீட்டரும் சமவெளியில் 3 கிலோமீட்டரும் ஒன்றல்ல என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். என் குறை வேறு. இந்த அளவுகோல் ஒரு வீட்டுக்கும் ஒரு பள்ளிக்கும் இடையே நாடா பிடிக்கிறது. அந்தத் தூரத்தை யாரோடு நடக்கிறது என்று கேட்பதில்லை.

ஜவ்வாது மலையில் ஒரு குக்கிராமம், அதில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற நாலு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்திக்குப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் கிடைக்கிறது. ஒருவனை ஆலங்காயத்தில் மாமா வீட்டில் தங்க வைத்துத் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். இன்னொருவன் அண்ணன் படிக்கிற பள்ளிக்கே போகிறான், அது வேறு திசை. மிச்சம் ஒரு பெண். அவளுக்கான நடுநிலைப்பள்ளி முன்பு இருந்த அதே 3 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. ஆனால் "தனியா எப்படி அனுப்புறது?" என்கிறார் அம்மா. அவள் நின்றுவிட்டால், பதிவேட்டில் காரணம் 'தூரம்' என்று எழுதப்படும். உண்மையில் தூரம் ஒரு அடிகூடக் கூடவில்லை. துணை போய்விட்டது.

இந்த நாலு பேரையும் பிரிப்பதில் பெற்றோரின் விருப்பத்துக்கு மட்டும் பங்கில்லை. மலையில் பள்ளிக் கல்வித்துறை பள்ளிகள் இருக்கின்றன, பழங்குடியினர் நலத்துறை பள்ளிகள் இருக்கின்றன, வனத்துறையும் பள்ளி நடத்துகிறது. ஆலங்காயம் திருப்பத்தூர் மாவட்டம், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம். ஒவ்வொரு துறையும் தன் பள்ளிக்குச் சேர்க்கையைத் தனித்தனியாகத்தான் பார்க்கும். பல துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித்துறைக்குள் கொண்டுவருவதாக 2023-24 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நிர்வாகம் ஒன்றானால் மட்டும் கூட்டாளிகள் ஒன்றாகப் போய்விட மாட்டார்கள்.

துணை என்பது வெறும் உணர்ச்சி விஷயம் இல்லை என்பதற்கு பீகார் ஒரு சாட்சி. 2006-ல் அங்கே ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வில் பெண்களின் உயர்நிலைப்பள்ளிச் சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கிடைத்ததால் கூட்டமாக ஓட்டிப் போக முடிந்தது, அது பாதுகாப்பைக் கூட்டியிருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். நம் ஊரில் சைக்கிள் ப்ளஸ் ஒன்னில் கிடைக்கிறது. கூட்டம் உடைவது ஆறிலும் ஒன்பதிலும். அதுவரை தாக்குப்பிடித்த பிள்ளைக்குத்தான் சைக்கிள். மலையேற்றத்தில் அதையும் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போகணும்.

"விடுதியில் புது நண்பர்கள் கிடைக்க மாட்டாங்களா?" என்று கேட்கலாம். கிடைப்பார்கள். விடுதியால் படித்து மேலே வந்தவர்கள் மலையில் நிறைய. பிள்ளைகளைக் கட்டிப்போட்டு ஒரே பள்ளியில் வைக்கணும்னும் நான் சொல்லவில்லை. போகிறவளுக்குப் புது நட்பு கிடைக்கிறது, நிற்கிறவளுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. நல்ல பள்ளியைத் தேடிப் போவது ஒரு வீட்டின் முடிவு. அதன் விலையைப் பக்கத்து வீடு கொடுக்கிறது.

செய்யக்கூடியது பெரிய காரியம் இல்லை. எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் இருக்கிறது. ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஆறாம் வகுப்பில் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதை அதிலிருந்தே எடுக்கலாம். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பார்க்கிறோம். அதோடு, எத்தனை பேர் கூட்டாளி யாருமில்லாமல் தனியாகப் போனார்கள் என்றும் ஒரு கட்டம் சேர்க்கலாம். டி.சி. கொடுக்கிற ஏப்ரல், மே மாதத்திலேயே தலைமையாசிரியருக்கு அந்தப் பெயர் தெரிந்துவிடும். ஜூனில் வேன் யாருக்கு, வழித்துணை யாருக்கு என்று முடிவு செய்யும்போது, முதலில் கேட்க வேண்டிய வீடு அந்த வீடுதான்.